"தலா யாரு டீச்சர்?": தமிழ்ப்பள்ளியில் கணிதம் எடுக்கப் புதிதாக வருபவருக்கு

தலைமையாசிரியர் கால அட்டவணையை நீட்டி, "நாலாம் ஆண்டுக்கும் அஞ்சாம் ஆண்டுக்கும் கணிதம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். மறுநாள் காலை வகுப்பில் போய் நிற்கும்போது பயிற்சிக் கழகத்தில் படித்த கோட்பாடு ஒன்றும் நினைவுக்கு வராது. முப்பது முகங்கள் தெரியும். பள்ளி சின்னதென்றால் பன்னிரண்டு. அதில் பாதிப் பேர் பாடம் தொடங்குவதற்கு முன்பே "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவெடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். தீவுப் பக்கமோ பெருநிலப் பக்கமோ, இரண்டுக்கும் பொருந்தும். தற்காலிக ஆசிரியராக வருபவர்களும், வீட்டுக் கூடத்தில் டியூசன் சொல்லிக்கொடுக்கும் அக்காமார்களும் படிக்கலாம். நான் பல வருடமாகப் பிறைப் பக்கம் கணிதம் எடுப்பவள். கீழே சொல்வதில் பாதி, நான் தப்பாகச் செய்து திருத்திக்கொண்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னம்பிக்கையைச் சத்துமாவு மாதிரி கரைத்து ஊட்ட முடியாது. "உன்னால முடியும்டா" என்று நூறு தடவை சொன்னாலும் பிள்ளை நம்பாது. தானே போட்ட ஒரு கணக்கு சரியாக வந்து, ஏன் சரி என்றும் தெரிந்தால்தான் நம்பும். அதனால் நம் வேலை பேச்சை விட ஏற்பாட்டில்தான் அதிகம் இருக்கிறது.

முதல் நாள்: எந்த மொழியில் கணக்கு என்று கேளுங்கள்

சின்ன விஷயமாகத் தெரியும். 1816ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். இருநூறு வருடம் தாண்டியும் கணிதம் எந்த மொழியில் என்ற கேள்வி ஓயவில்லை. 2003ல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போயின. 2009ல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 2016ல், சில பள்ளிகள் கணிதத்தை ஆங்கிலத்திலும் நடத்தலாம் என்ற இருமொழித் திட்டம் வந்தது. ஆகவே உங்கள் பள்ளியில் எந்த ஆண்டுக்கு எந்த மொழி என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். நான் இங்கே தமிழில் எடுக்கும் வகுப்பை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதல் வாரம்: பாடத்தைக் கொஞ்சம் ஒத்திப்போட்டு, கேளுங்கள்

பாடத்திட்டம் ஓடிவிடுமே என்று பதறாதீர்கள். முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், பிறகு மூன்று மாதம் மிச்சமாகும்.

இதற்கு நல்ல கருவி ஒன்று உண்டு. ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1970களில் வகுத்துக் கொடுத்த ஐந்து கேள்விகள். ஒரு பிரச்சனைக் கணக்கைப் பிள்ளையின் முன் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்:

1. இதை வாசி.
2. என்ன கேட்டிருக்கிறார்கள், உன் வார்த்தையில் சொல்.
3. எப்படிச் செய்யப்போகிறாய்?
4. செய்து காட்டு. செய்யும்போது பேசிக்கொண்டே செய்.
5. கடைசி விடையை எழுது.

எந்தப் படியில் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே சொல்லிக்கொடுக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். இது ரொம்பச் சிரமமான வேலை. நாக்கு நுனியில் விடை நிற்கும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 347 பெருக்கல் 6 கொடுத்தால் தப்பில்லாமல் போடுவான், பிரச்சனைக் கணக்கு வந்தால் தொலைந்தான். பழைய மதிப்பீட்டுக் குறிப்பில் "பெருக்கலில் பலவீனம்" என்று எழுதியிருந்தது. நான் அவனிடம் வைத்த கணக்கு: "ஓர் ஆசிரியர் 5 மாணவர்களுக்குத் தலா 12 மிட்டாய் கொடுத்தார். அவர் கொடுத்த மிட்டாய் எத்தனை?" அழகாக வாசித்தான். இரண்டாம் கேள்வி கேட்டேன். "அஞ்சு பேர் இருக்காங்க டீச்சர். அப்புறம் தலான்னு ஒருத்தர், அவருக்குப் 12." விடை 17 என்று எழுதினான். நான் பேசாமல் இருந்தேன். அவனே, கொஞ்சம் சந்தேகத்தோடு, "தலா யாரு டீச்சர்?" என்றான்.

அந்தப் பிள்ளைக்குப் பெருக்கல் தெரியும். "தலா" தெரியாது. வீட்டில் யாரும் "தலா" என்று பேசுவதில்லை, "ஆளுக்குப் பன்னெண்டு" என்றுதான் பேசுகிறோம். இந்த மாதிரிச் சொற்கள் நம் பயிற்றிகளில் நிறைய உண்டு: எனில், எஞ்சியவை, சமமாக, குறைந்தபட்சம், முறையே. குறிப்பாக "முறையே" இருக்கிறதே, அது ஒரு கண்ணிவெடி. நாம் கணக்குச் சொற்களைப் பாடமாக நடத்துவதில்லை, ஏதோ தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். வாரத்துக்கு இரண்டு சொல் எடுத்து, வீட்டுப் பேச்சில் அதற்கு என்ன என்று பிள்ளைகளையே சொல்லவிட்டு, சுவரில் ஒட்டுங்கள். "தலா" என்ற அட்டைக்குப் பக்கத்தில் அந்தப் பையன் ஒரு தலையை வரைந்து, குறுக்கே கோடு போட்டு, "ஆளுக்கு" என்று எழுதினான். அதற்கப்புறம் வகுப்பில் ஒருவரும் மறக்கவில்லை.

ஒருநாளைக்கு மூன்று நான்கு பிள்ளைகள் போதும். மற்றவர்கள் எழுத்து வேலையில் இருக்கும்போது செய்யலாம். எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் பெயருக்கு நேராக எண் மட்டும் போடுங்கள்: 2, 3, 4. அந்த எண்ணைப் பார்த்தே குறைநீக்கல் குழுவைப் பிரிக்கலாம். எல்லோருக்கும் ஒரே வாய்பாட்டுத் தாளைக் கொடுத்துவிட்டுக் குறைநீக்கல் போதனை என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

அடுத்து: வண்ண அட்டையைக் கழற்றுங்கள்

உங்களுக்கு முன்பிருந்த ஆசிரியர் சுவரில் ஓர் அட்டை மாட்டியிருப்பார். மொத்தம் என்றால் சேர், மீதம் என்றால் கழி, மடங்கு என்றால் பெருக்கு, சமமாக என்றால் வகு. என் வகுப்பிலும் பல வருடம் தொங்கியது, நான் கைப்பட வெட்டி ஒட்டியது. பிள்ளைகளுக்கு அது குறுக்குவழி. வாசிக்காமலேயே கணக்குப் போட நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஒருநாள் நாலாம் ஆண்டில் இந்தக் கணக்கைப் போட்டேன்: "பத்துமலை முருகன் கோயிலுக்கு 272 படிகள். இது தண்ணீர்மலைக் கோயிலின் படிகளைவிட 241 குறைவு. தண்ணீர்மலைக்கு எத்தனை படிகள்?" வகுப்பில் முக்கால்வாசி "குறைவு" என்ற சொல்லைப் பார்த்தவுடனே கழித்துவிட்டது. 31 என்று வரிசையாகப் பச்சை மையில், நீல மையில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

நான் தப்பு என்று சொல்லவில்லை. "போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறினவங்க கை தூக்குங்க" என்றேன். இருபது கை. "முப்பத்தொரு படிதானா?" என்று மட்டும் கேட்டேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் வகுப்பே சிரித்தது. "முப்பத்தொண்ணுனா பாட்டியே ஏறியிருப்பாங்க டீச்சர்!" என்று ஒரு பெண் கத்தினாள். அவளே திரும்பிப் போய் 513 போட்டாள். இது எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த 31 தப்பு என்று கண்டுபிடித்தது நான் இல்லை, அவர்கள் கால்முட்டி. விடையைத் தன் அனுபவத்தோடு ஒட்டிப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, சரியா தப்பா என்று கேட்க ஆசிரியர் முகத்தைப் பார்க்காது. கணிதத்தில் தன்னம்பிக்கை என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

எனவே செய்ய வேண்டியது: கணக்கில் உள்ள எண்களை மறைத்துவிட்டு முதலில் கதையை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். "பத்துமலைப் படி தண்ணீர்மலையைவிடக் குறைவு. எது உயரம்?" என்று பேசட்டும். எண் இல்லையென்றால் பிள்ளைக்குக் கழிக்க ஒன்றும் கிடைக்காது, வேறு வழியின்றிச் சிந்திக்கும். இரண்டாம் தடவை எண்ணோடு வாசிக்கட்டும். மூன்றாம் தடவை, விடை கிட்டத்தட்ட எவ்வளவு வரும் என்று ஊகிக்கட்டும். ஊகத்துக்கு நான் நாசி கண்டார் கடை அண்ணனை உதாரணம் சொல்வேன். தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு விலை சொல்கிறாரே, அவர் கையில் என்ன கால்குலேட்டரா இருக்கிறது? (சில நாள் அவர் ஊகம் நமக்கு ஒரு வெள்ளி பாதகமாகத்தான் போகும். அது வேறு கதை.)

படம் போடவைப்பது எப்படி

ஜார்ஜ் போல்யா என்ற ஹங்கேரியக் கணித மேதை 1945ல் பிரச்சனை தீர்ப்பதற்கு நான்கு படி சொன்னார்: புரிந்துகொள், திட்டமிடு, செயல்படுத்து, திரும்பிப் பார். நம் கணிதக் கலைத்திட்டத்திலும் அந்த நான்கும் அப்படியே இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் இதைப் பலகையில் நான்கு தலைப்பாக எழுதிப் பிள்ளைகளைப் பார்த்தெழுதச் சொல்வார்கள். பிரயோசனமில்லை. முதல் இரண்டு படிக்கும் நடுவேதான் பள்ளம், அங்கே பாலம் போட வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல பாலம் பட்டைப் படம். 1980களில் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் புகுந்து பரவிய முறை இது.

அஞ்சாம் ஆண்டில் நான் எப்போதும் கொடுக்கும் கணக்கு: "ஒரு பொட்டலம் கச்சான் பூத்தேயும் ஒரு பொட்டலம் முறுக்கும் சேர்ந்து ரி.ம 9.00. கச்சான் பூத்தே முறுக்கைவிட ரி.ம 2.00 அதிகம். முறுக்கு என்ன விலை?"

கேட்டு முடிப்பதற்குள் "ஏழு வெள்ளி!" என்று சத்தம் வரும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் கத்துவார்கள். நான் பலகையில் இரண்டு பட்டை வரைவேன், ஒன்றின் கீழ் ஒன்று. மேலே முறுக்கு, கீழே அதே நீளத்தில் கச்சான் பூத்தே, அதன் வாலில் மட்டும் ஒரு சின்னத் துண்டு கூடுதல். அந்தத் துண்டுக்குள் 2. இரண்டு பட்டையையும் சேர்த்து அணைத்த மாதிரி ஓர் அடைப்பு, அதில் 9. எழுதிவிட்டுச் சுண்டுவிரலால் அந்த வாலை மறைப்பேன். "இப்ப எவ்வளவு இருக்கு?" "ஏழு." "எத்தனை பட்டை?" "ரெண்டு." "ரெண்டும் ஒரே அளவா?" இந்த இடத்தில் ஒரு "ஆ..." வரும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலைக்கு வரலாம். முறுக்கு 3.50, கச்சான் பூத்தே 5.50. கூட்டினால் 9, கழித்தால் 2. நான்காம் படியான சரிபார்த்தலும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

உடனே இரண்டாவது கணக்கைக் கொடுத்து "நீயே செய்" என்று விட்டுவிடாதீர்கள். முழுதாகச் செய்து காட்டிய கணக்கு ஒன்று, கடைசி வரி மட்டும் காலியாக விட்ட கணக்கு ஒன்று, படம் மட்டும் போட்டுவைத்த கணக்கு ஒன்று, பிறகு வெறுங்கணக்கு. இப்படிப் படிப்படியாகக் கையை விடுங்கள். சைக்கிள் ஓட்டப் பழக்கும் அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, பிள்ளைக்குத் தெரியாமல் விடுவாரே, அது மாதிரி. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குச் செய்து காட்டிய கணக்கைப் படிப்பது, தானே முட்டி மோதுவதைவிட அதிகப் பலன் தருகிறது என்பது ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். கைவந்த பிறகு அதே முறை பிள்ளைக்குச் சலிப்பாகிவிடும். எப்போது விடுவது என்பதுதான் கை நேர்த்தி.

வெண்பலகை முன் நிற்கவைப்பது

இதை நான் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். வேலைக்கு வந்த புதிதில், கவனிக்காத பிள்ளையை எழுப்பி வெண்பலகைக்கு வரச் சொல்லி, மார்க்கரைக் கையில் கொடுத்து, செய்து முடிக்கும்வரை உட்காரவிடமாட்டேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நான் உருப்படவில்லையா என்ற நினைப்பு. ஒரு பெண் பிள்ளை கணிதம் உள்ள நாளிலெல்லாம் வயிற்றுவலி என்று வராமல் இருந்தாள். அவள் அம்மா கிளினிக்குக்கெல்லாம் கூட்டிப்போயிருக்கிறார். எனக்குக் கணக்குப் புரிய ஒரு பருவம் ஆனது: திங்கள், புதன் வராதவள் செவ்வாய் வருகிறாள்.

பயம் வந்தால் மனம் ஒரே நேரத்தில் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடிய இடத்தைப் பயமே அடைத்துக்கொள்கிறது. இரண்டிலக்கப் பெருக்கலுக்கு எடுத்துச்செல்லும் எண்ணை எங்கே வைப்பது? அதனால்தான் வீட்டில் போடும் கணக்கு பலகை முன்னால் மறந்துபோகிறது.

இப்போது நான் செய்வது இது. ஒரு வெள்ளை ஏ4 தாளைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டால் அதுவே ஆளுக்கொரு குட்டிப் பலகை. மார்க்கரும் பழைய காலுறையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கேள்வி கேட்டு, எல்லோரும் எழுதி, "காட்டு" என்றதும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். யார் தப்பு என்று உங்களுக்கு மட்டும் தெரியும், பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. தப்பான விடைகளில் சுவையான ஒன்றை எடுத்து, பெயர் சொல்லாமல், "ஒருத்தர் ஏழு வெள்ளின்னு போட்டிருக்கார், அவர் எப்படி யோசிச்சிருப்பார்?" என்று கேளுங்கள். சில நாள் கழித்து, "அது நான்தான் டீச்சர்" என்று அவர்களே சொல்வார்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் ஒரு கலை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியதுமே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனசுக்குள் "முருகா, முருகா, முருகா" என்று சொல்லிக்கொள்ளுங்கள். மூன்று நொடி ஆகிவிடும்.

பாராட்டு

"வெரி குட், கெட்டிக்காரன்" எல்லாம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் அடுத்த தடவை அதே பையன் தப்பாகப் போட்டால், கெட்டிக்காரன் பட்டம் போய்விடுமே என்று கையைக் கட்டிக்கொள்கிறான். அவன் செய்ததைச் சொல்லுங்கள்: "முதல் பட்டை சரியா வரலைன்னு அழிச்சிட்டு மறுபடி வரைஞ்ச பாரு, அதான் விடை கிடைச்சிச்சு."

ஆல்பர்ட் பண்டூரா 1977ல் எழுதிய ஆய்வில், "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை நான்கு இடங்களிலிருந்து வருகிறது என்றார். தானே செய்து ஜெயித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலின் பதற்றம் அல்லது அமைதி. இதில் முதலாவதுதான் பலமானது, ஊக்கப்பேச்சு அதற்குப் பின்னால்தான். நாமோ பள்ளிச் சபைகூடலில் தன்முனைப்பு உரைக்கு ஆள் கூப்பிடுகிறோம், பயிற்சித் தாளைத் தயாரிக்க நேரமில்லை என்கிறோம்.

தாள் தயாரிப்பதில் என் வழக்கம்: ஆறு கணக்கு. முதல் இரண்டு, வகுப்பில் கடைசிப் பிள்ளைக்கும் நிச்சயம் வரும். அடுத்த மூன்று, எட்டிப் பிடித்தால் வரும். கடைசி ஒன்று, எனக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியது. முப்பது கணக்குள்ள தாளில் இருபத்தைந்து தப்பு வாங்கிய பிள்ளைக்கு அந்தத் தாள் ஒரு சான்றிதழ், "உனக்கு வராது" என்று முத்திரை குத்திய சான்றிதழ்.

பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்றையும், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதையும், மறக்காதீர்கள். முதல் மாணவி வந்து விளக்கினால் கடைசி வரிசைக்கு ஒன்றும் ஆகாது, அவள் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். போன வாரம் வரை தடுமாறிய பையன் விளக்கினால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு விஷயம் சொல்லிவைக்கிறேன், பட்டறைகளில் யாரும் சொல்லமாட்டார்கள். டிம்ஸ் எனப்படும் அனைத்துலக மதிப்பீட்டில் பிள்ளைகளிடம் கணிதத் தன்னம்பிக்கை பற்றியும் கேட்கிறார்கள். ஒரு நாட்டுக்குள் பார்த்தால் தன்னம்பிக்கை உள்ளவர்கள் அதிகப் புள்ளி எடுக்கிறார்கள். ஆனால் புள்ளியில் முன்னணியில் நிற்கும் ஜப்பான், தென்கொரியா, தைவான் பிள்ளைகள் தங்களைப் பற்றி அடக்கமாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நம் இரண்டாம் படிவப் பிள்ளைகள் அதே மதிப்பீட்டில் 1999ல் 519 புள்ளி எடுத்தார்கள், 2023ல் 411. ஆகவே துள்ளிக் குதிப்பதைத் தன்னம்பிக்கை என்று நினைத்து ஏமாற வேண்டாம். தப்பான பிறகு பென்சிலை மறுபடி எடுக்கிறானா என்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை: பாலத்தில் எத்தனை கார்?

2021ல் யுபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு ஒழிந்தபின் வகுப்பறை மதிப்பீடுதான் முக்கியம், அதில் ஆறு அடைவுநிலைகள். கணிதத்தில் அவற்றைக் கூர்ந்து படியுங்கள். முதல் மூன்று அடிப்படை அறிவும் செயல்முறையும். நான்காவது எளிய வழக்கமான பிரச்சனைக் கணக்கு, ஐந்தாவது பல உத்திகளால் சிக்கலான வழக்கமான கணக்கு, ஆறாவது வழக்கமில்லாத கணக்கை ஆக்கப்பூர்வமாகத் தீர்ப்பது. ஏணியில் மேல்பாதி முழுக்கப் பிரச்சனைக் கணக்குதான். பயிற்றியிலிருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆறாம் நிலைக்கு யாருக்கும் வாய்ப்பே வராது.

வாரம் ஒரு தடவை, கடைசி அரைமணி நேரம், ஒரே ஒரு கேள்வி. எனக்குப் பிடித்தது: "பினாங்குப் பாலத்தில் நெரிசல். ஒரு தடத்தில் முழுக்கக் கார்கள் நிற்கின்றன. எத்தனை கார் இருக்கும்?" பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர் என்று மட்டும் சொல்வேன். முதல் தடவை பயந்துபோய், "எந்தப் பாடம் டீச்சர் இது?" என்பார்கள். பிறகு ஒரு குழு வாகன நிறுத்துமிடத்துக்கு ஓடி ஓர் ஆசிரியரின் காரை மீட்டர் நாடாவால் அளந்துகொண்டு வரும். சுமார் நாலரை மீட்டர். இடைவெளி ஒன்றரை என்று வைத்தால் ஒரு காருக்கு 6 மீட்டர். 13,500 வகுத்தல் 6, ஆக 2,250. "மூணு தடம் இருக்கே!" என்று ஒருவன், அப்படியானால் 6,750. "லோரி?" என்று இன்னொருவன். தினமும் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் ஓர் அப்பாவின் மகள், "ஆறு மீட்டர் பத்தாது டீச்சர், அப்பா ரொம்ப இடம் விட்டுத்தான் ஓட்டுவாரு" என்று சண்டைக்கு வந்தாள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விடை, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. ஆசிரியரிடமும் விடைத்தாள் இல்லை என்பது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

யார் என்ன சொன்னார்கள் என்று அன்றே இரண்டு வரி எழுதிவையுங்கள். ஆண்டிறுதியில் அடைவுநிலை போடும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும். இப்படிக் கேள்விகளுக்கு யோசனை வற்றிவிட்டால் குளுகோர் பக்கம் ரெக்சம் இருக்கிறது. தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பின் அறிவியல், கணிதக் கல்வி மையம் நம் மாநிலத்திலேயே இருப்பது பல புதிய ஆசிரியர்களுக்குத் தெரிவதில்லை. அவர்கள் நடத்தும் பயிற்சிகளைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

பெற்றோர்

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். "எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது" என்று பிள்ளை முன்னால் சொல்ல வேண்டாம். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள், பிள்ளை அதைக் குலச்சொத்தாக எடுத்துக்கொள்கிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம், வழிமுறை குழம்பும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பத்து வெள்ளியைக் கையில் கொடுத்து, பாக்கி எவ்வளவு வரும் என்று கடைக்காரர் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் போதும்.

ஆறாம் ஆண்டுக்கு மட்டும்

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நம் பிள்ளைகள் முதல் மாதம் வாயைத் திறப்பதில்லை. கணக்குத் தெரியாமல் இல்லை, பெயர் தெரியாமல். பின்னம் அங்கே பெச்சாஹான், விழுக்காடு பெராத்துஸ், பெருக்கல் டாராப், வகுத்தல் பஹாகி. கடைசிப் பருவத்தில் சுவரில் இருக்கும் சொல்லட்டைகளில் தமிழுக்குக் கீழே மலாயும் ஆங்கிலமும் எழுதச் சொல்லுங்கள். மூன்று மொழியிலும் ஒரே கணக்கைக் கொடுத்து, ஒரே பட்டைப் படம் வருகிறதா என்று பார்க்கட்டும். இதற்குப் பத்து நாள் போதும்.

போன வருடம் முதல் படிவம் போன பெண் ஒருத்தி, விடுமுறையில் தங்கையைக் கூட்டிப்போகப் பள்ளிக்கு வந்தவள், வகுப்பு வாசலிலேயே நின்று கத்தினாள்: "டீச்சர், நாம அட்டையில எழுதாத ஒண்ணு இருக்கு! மலாய்லயும் பாக்கின்னா பாக்கிதான்!"